பூட்டினால் போதுமா?



தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டி, சராசரி கண்டு, நிலையிடும் வேலையை எமது பாடசாலையில் எக்செல் மெக்ரோ ஒன்றிடம் ஒப்படைத்திருந்தோம். அக்கோப்பின் பிரதி பல ஆசிரியர்களின் கைகளுக்குப் போனது. 2005 இல் யாரோ ஒருவர் அறியாமல் கட்டளை வரியொன்றை அழித்துவிட்டார். ஒரு பாடத்தின் புள்ளி கூட்டலில் சேரவில்லை. முதலாம் நிலைக்குரிய பிள்ளைக்கு நான்காம் நிலை. அப்பிள்ளையின் வாப்பா அதிபரின் காரியாலயத்துக்கு வந்து, ஒன்றும் பேசாமல் அறிக்கையை மேசையில் வைத்தார். கோபித்திருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கடவுச்சொல் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருந்தோம். மெக்ரோவின் கட்டளைகள் கோப்புக்குள்ளேயே இருப்பதால், அந்தப் பூட்டைத் திறப்பது பெரிய வித்தையல்ல.

எம்மிடம் படித்த இளைஞரொருவர் வேறு வழி சொன்னார். கட்டளைகளைக் கோப்பிலிருந்து வெளியே எடுத்து, இயந்திர மொழிக்கு மாற்றி, டீ.எல்.எல். கோப்பாக்கி எக்செல்லுடன் இணைப்பது. இதனை அட்-இன் என்பர். இவ்வகை இணைப்பை எக்செல் 2000 முதல் ஏற்கிறது. 1998 இல் வெளிவந்த விசுவல் பேசிக் 6 இன் மொழியும் மெக்ரோவின் மொழியும் உடன்பிறப்புகள். ஆகவே பெரும்பாலான வரிகளை அப்படியே பயன்படுத்தலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மெக்ரோ வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை. 'இந்தக் கலம்' என்றால் எந்தக் கலம் என அதற்குத் தெரியும். அட்-இன்னோ வெளியிலிருந்து வரும் விருந்தாளி. இணையும் வேளையில் எக்செல் தன்னை அதனிடம் அறிமுகம் செய்கிறது. அந்த அறிமுகத்தைப் பத்திரப்படுத்தி, எந்த எக்செல், எந்தக் கோப்பு, எந்தத் தாள் என ஒவ்வொரு இடத்திலும் விளங்கச் சொல்ல வேண்டும். வேகம் கூடும் என்றும் எண்ண வேண்டாம். கலம் கலமாகத் தொட்டால் அட்-இன்னும் மந்தமே. முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் வாசித்து, கணக்கிட்டு, ஒரே தடவையில் எழுதுவதே வேகத்துக்கு வழி.

2006 முதல் பிழையின்றி நடந்தது. 2020 இல் புதிய கணனி வந்தது. அதிலிருந்த எக்செல் 64 பிட். விசுவல் பேசிக் 6 ஆக்குவதோ 32 பிட் கோப்பு மாத்திரம். அட்-இன் அசையவில்லை. மூலக் கட்டளைகள் இருந்தால் இன்றைய டொட் நெட் மொழியொன்றுக்கு மாற்றியிருக்கலாம். அவை எங்கே? அந்த இளைஞரின் பழைய கணனியில். அக்கணனியோ எப்போதோ பழுதடைந்துவிட்டது. இரண்டு மாதம் இரவிரவாக இருந்து முதலிலிருந்து எழுதினோம்.

இங்கே தவறு அவருடையதல்ல. பூட்டைக் கேட்டு வாங்கிய நாம், மூலத்தைக் கேட்டு வாங்கவில்லை.

எனவே அன்பர்களே, உங்கள் கடைக்கோ, பாடசாலைக்கோ, சங்கத்துக்கோ யாரேனும் அட்-இன் செய்து தந்தால், மூலக் கட்டளைகளையும் அன்றே பெற்று இரண்டு இடங்களில் வையுங்கள். பழைய மெக்ரோவை உடனே அழிக்காதீர்கள். சென்ற ஆண்டின் கணக்கை இரண்டிலும் ஓட்டி, விடைகள் ஒத்திருக்கின்றனவா எனப் பாருங்கள். டொட் நெட்டில் ஆக்கிய கோப்பைப் பிரித்து வாசிக்கவும் கருவிகள் உண்டு. ஆகவே இரகசியச் சொற்களை அதற்குள் எழுத வேண்டாம்.

கணனிக்கு அவை வெறும் இலக்கங்கள். எமக்கோ ஒரு பிள்ளையின் மூன்று மாத உழைப்பு. அது எம்மிடமுள்ள அமானிதம்.