ஒப்பந்தகாரரைத் தேடுமுன்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள வீட்டைத் திருத்த வேண்டும், நல்ல ஒப்பந்தகாரர் யாரென்று சொல்லுங்கள் எனப் புலம்பெயர்ந்த நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்த வீட்டில் இப்போது குடியிருப்பவர் என்ன கேட்கிறார்? பெரும்பாலும் மறுமொழி வராது.

இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தை வன்னி மறந்திருக்காது. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய அதன் பெருங்கட்டம் ஒப்பந்தகாரரிடம் ஒப்படைக்கப்படவில்லை. பயனாளியே மேசனைப் பிடித்தார், சீமெந்து வாங்கினார். புதிய வீட்டுக்கு 550,000 ரூபாய். திருத்த வேலைக்கு 250,000 வரை. வேலை முடிந்த அளவுக்கே பணம் தவணையாக வங்கிக்கு வந்தது. குறை இல்லாமலில்லை. தொகைக்கு மிஞ்சிக் கட்டத் தொடங்கிய பலர் கடனாளியாயினர். ஆயினும் அடுப்படி எந்தப் பக்கம் என்பதை அங்கே சமைப்பவர் தீர்மானித்தார். பின்னர் 65,000 உருக்கு வீடுகள் என்றொரு திட்டம் வந்தது. வீடொன்றுக்கு 20 இலட்சத்துக்கு மேல். வெக்கையான ஊருக்கு இரும்புச் சுவரா என்று எதிர்ப்புக் கிளம்பி, அது கைவிடப்பட்டது. ரொறன்ரோவில் வரைந்து வட்ஸ்அப்பில் அனுப்பப்படும் வீட்டுப்படங்களைக் காணும்போது எனக்கு அந்த உருக்கு வீடுதான் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது காணி. வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. உறுதிக் காணிகள் அல்ல. அனுமதிப்பத்திரம் காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே கிடக்கிறதா? பின்னுரித்தாளராக யார் பதியப்பட்டுள்ளார்? இதைப் பிரதேச செயலகத்தில் பார்த்துக்கொள்ளாமல் பணம் அனுப்பினால், அம்மாவுக்கென்று கட்டிய அறைக்காகச் சகோதரங்கள் வழக்காட நேரும். சீமெந்து விலையை நாளைக்கும் விசாரிக்கலாம்.

மற்றவை சிறு வேலைகள். செல்விழுந்த சுவரையும் அத்திவாரத்தையும், ஒப்பந்தத்தில் பங்கில்லாத ஒரு மேசனைக்கொண்டு பாருங்கள். எதை இடிப்பது, எதை வைத்திருப்பது என்று அளவோடு எழுதுங்கள். கூரை வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடிக்கச் சொல்லுங்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணையை முதல் மாரி கழியும்வரை வைத்திருங்கள். ஒப்பந்தகாரர் முகஞ்சுளிப்பார். சுளிக்கட்டும்; ஒழுகும் ஓட்டின் கீழே சட்டி வைக்கப்போவது அவரல்லர், நீங்களுமல்லர்.