முதல் சுற்றில் நிதானம் வேண்டும்

தமிழ்நாடு காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்க வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் பணிபுரிந்தவாறே அதற்குப் பயிலும் இளைஞர் பலர், முதல் சுற்றிலேயே முழு வேகத்தையும் செலவிட்டு, மூன்றாம் சுற்றில் தளர்ந்துவிடுகின்றனர். இது மனவுறுதிக் குறைவன்று. தசைகள் கேட்கும் ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் உடனே ஈடுசெய்ய இயலாமையே காரணம்.

400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 50 விநாடி போதுமானது. எஞ்சிய ஆற்றலை இறுதி 300 மீட்டருக்குச் சேமிக்க வேண்டும். இரவுப் பணி முடித்த களைப்போடு ஓடுதல் கூடாது. ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ நேர்ந்தால், அல்லது குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால், இதயப் பரிசோதனைக்குப் பின்னரே பயிற்சியைத் தொடர வேண்டும்.

பெற்றோரே, மைதானத்தின் ஓரம் நின்று “இன்னும் வேகமாக” என்று குரல் கொடுப்பதினும், முதல் சுற்றின் நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்வதே உங்கள் பிள்ளைக்குச் செய்யும் பேருதவி என்பது என் கருத்து.