கடிதம் எந்தப் பட்டியலைப் படிக்கிறது?

கட்டணப் பாக்கி கேட்டு ஒரு பாலர் பள்ளியிலிருந்து என் தோழிக்குக் கடிதம் வந்தது. அவள் மகனோ முதலாம் ஆண்டுக்கே போய்விட்டான். பாக்கி ஒரு வெள்ளிகூட இல்லை. கணவரிடம் அன்றிரவு ரசீதெல்லாம் தேடிக் காட்ட வேண்டியதாயிற்று.

பள்ளியில் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வேர்டில் மெயில் மெர்ஜ் கடிதம் தன் எக்செல் பட்டியல் இருக்கும் இடத்தைத் தனக்குள்ளேயே நினைவில் வைத்திருக்கும். போன வருடக் கடிதத்தை நகல் எடுத்துத் தேதியை மாற்றினால், போன வருடப் பட்டியலும் கூடவே வந்துவிடும். திறக்கும்போது "எஸ்.கியூ.எல். கட்டளை இயங்கும், தொடரலாமா?" என்று வேர்டு கேட்கும்தான். அதில் தாளின் பெயர் இருக்கும், கோப்பு எதுவென்று இருக்காது. யார் படிக்கிறார்கள்? 'யெஸ்' அழுத்திவிட்டுப் போகிறார்கள்.

ஒரு சின்ன மேக்ரோ இதைச் சொல்லிவிடும். கடிதம் திறந்திருக்கையில் ஆல்ட்+எஃப்11, பிறகு கன்ட்ரோல்+ஜி. கீழே வரும் பெட்டியில் கேள்விக்குறி போட்டு 'ஆக்டிவ்டாக்குமெண்ட்.மெயில்மெர்ஜ்.ஸ்டேட்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். 2 அல்லது 4 வந்தால் பட்டியல் இணைந்திருக்கிறது. இதை முதலில் கேட்பது முக்கியம். இணைப்பே இல்லாதபோது பெயரைக் கேட்டால் மேக்ரோ பிழை காட்டி நின்றுவிடக்கூடும்.

இணைப்பு உண்டென்றால், ஸ்டேட் இருந்த இடத்தில் 'டேட்டாசோர்ஸ்.நேம்' போடுங்கள். கோப்பின் முழுப் பாதையும் வரும். அதோடு திருப்திப்பட வேண்டாம். ஒரே எக்செல் கோப்பில் வருடத்துக்கு ஒரு தாள் வைப்பது நம் அலுவலகங்களில் சகஜம். எந்தத் தாள், என்ன வடிகட்டல் என்பதை 'குவெரிஸ்ட்ரிங்' காட்டும். என்னைக் கேட்டால் பெயரைவிட இதுதான் முக்கியம்.

இந்த வரிகளை 'ஆட்டோஓப்பன்' என்ற பெயரில் மேக்ரோவாக எழுதி, கடிதத்தை டாக்எம் வகையில் சேமித்தால், மேக்ரோக்களுக்கு அனுமதி உள்ள கணினியில் கடிதத்தைத் திறக்கும்போதெல்லாம் பட்டியலின் பெயர் ஒரு பெட்டியில் தோன்றும். 'ஃபைல்டேட்டைம்' சேர்த்தால் அந்தக் கோப்பு கடைசியாக மாறிய தேதியும் தெரியும். ஆனால் இணைய முகவரியில் உள்ள கோப்புக்கு அது உதவாது. அங்கே 'ரெக்கார்டுகவுண்ட்' கேட்டு, பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். -1 என்று வந்தால் பதற வேண்டாம், வேர்டால் எண்ண முடியவில்லை என்று அர்த்தம்.