தீவை விடுங்கள், கரையைக் காட்டுங்கள்



மன்னார் வளைகுடாவில் சுற்றுலாவை வளர்க்கச் சொல்லும் கட்டுரையைப் படித்தேன். வளர்க்கலாம், ஆனால் தீவுகளிலேயே ஆட்களை இறக்க வேண்டும் என்று அது சொல்வதை ஏற்க முடியவில்லை. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு மேலும் கரையாமலிருக்கச் செயற்கைப் பவளப்பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். அங்கே கூட்டம் எதற்கு?

கரையிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. எங்கள் பக்கத்து உப்பளங்களில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரைத் துழாவியபடி நகர்வதை வரப்பில் நின்றே பார்க்கலாம். சென்ற ஆண்டு ஒரு வேன் கூட்டம் வந்தது. ஒருவர் ட்ரோனைக் கிளப்பிய மாத்திரத்தில் பறவைகள் மொத்தமும் எழும்பிப் போய்விட்டன. (அவருக்குப் படம் கிடைக்காததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.)

ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலிலும் அலையாத்தி உண்டு; நீரோட்டமும் சேறும் அறிந்த மீனவர்களும் உண்டு. படகுக்கு ஏழெட்டுப் பேர், வழிகாட்ட உள்ளூர் இளைஞர், கட்டணத்தில் ஒரு பங்கு ஊருக்கு என்று இங்கும் தொடங்கலாம். அதற்கு முன், வலசைப் பறவைகள் தங்கும் மாதங்களில் உப்பளப் பக்கம் ட்ரோன் பறக்கக் கூடாதென்று மாவட்ட நிர்வாகம் அறிவித்து, சாலையோரம் பலகை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாகுபுரம்.