உபாத்தியாயர் வேலைக்குப் புதுவழி

பட்டம் பெற்ற இளைஞர்கள் உபாத்தியாயத் தொழிலில் பிரவேசிப்பதற்கு வழக்கமான மார்க்கம், பயிற்சிக் கலாசாலையில் பயின்ற பின்னர் பள்ளிக்கூடத்துக்குச் செல்வதாகும். இப்பொழுது 'பெல்லோஷிப்' என்னும் வேறொரு மார்க்கமும் ஏற்பட்டிருக்கிறது. ஓரிரண்டு வருஷம் உபகாரச் சம்பளம் பெற்று, கற்பித்துக்கொண்டே கற்பிக்கக் கற்றுக்கொள்வது இதன் சாரம். அமெரிக்காவில் 1990-இல் தொடங்கிய இம்முறையை, 'டீச் பார் இந்தியா' ஸ்தாபனம் 2009-இல் மும்பையிலும் புனேயிலும் ஆரம்பித்தது. பின்னர் சென்னைக்கும் கொண்டுவந்தது. தனியார் பள்ளிகள் சிலவும் இப்பெயரால் தாமே இளைஞர்களை அமர்த்திக்கொள்கின்றன. இதனால் நன்மை விளையுமா, தீமை விளையுமா என்பதை ஆராய்வது அவசியமாகும்.

இக்கருத்து சென்னைக்குப் புதிதன்று. 1789-இல் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். நமது திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை ஒத்த இவ்வேற்பாடு 'மதராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்திலும் பரவிற்று. செலவு குறைவென்பதே அதன் பெருமை. கல்வி ஆழமற்றதென்பதே அதன் குறை. ஆகவே 1846-இல் ஆங்கில சர்க்கார் வேறு திட்டம் வகுத்தது. மாணவ உபாத்தியாயருக்கு ஐந்து வருஷப் பயிற்சி, உபகாரச் சம்பளம், வருஷாந்தரப் பரீட்சை, தேறினோர்க்குப் பயிற்சிக் கலாசாலையில் சேர உதவி ஆகிய நான்கும் அதில் அடங்கியிருந்தன. மலிவுக்காக ஆளமர்த்துவதற்கும் தொழிலுக்காக ஆளை உருவாக்குவதற்கும் உள்ள பேதம் இதுவே.

சென்னையின் மேற்குப் புறத்தில் இப்பேதம் மிக முக்கியமாகும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும், பூவிருந்தவல்லியைச் சூழ்ந்த பட்டறைகளிலும் உழைப்போர் பலர், வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைத் தனியார் பள்ளிக்குக் கட்டணமாகச் செலுத்துகின்றனர். அவர்கள் கேட்பது தேர்ந்த உபாத்தியாயரை. வருஷந்தோறும் மாறும் புதுமுகத்திடம் வகுப்பை முற்றிலும் ஒப்படைத்துவிட்டால், பயிற்சியின் செலவைப் பிள்ளைகளே தாங்க நேரிடும்.

இளைஞர்களுக்கும் இதில் ஆபத்துண்டு. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்குக் குறைந்தபட்சத் தகுதியை விதிக்கிறது. தகுதியின்றி முன்பே பணியிலிருந்தோர் அதைப் பெறுவதற்கு 2017-இல் செய்த திருத்தம் அளித்த கெடுவும் 2019 மார்ச் 31-உடன் முடிந்தது. பெல்லோஷிப்பில் கழித்த காலம் பி.எட். பட்டத்துக்கு ஈடாகாது. அப்படிப்போ 2015 முதல் இரண்டு வருஷமாக நீண்டிருக்கிறது. ஆகவே இரண்டு வருஷம் உழைத்த பின்னும் வாசலிலேயே நிற்கும் நிலை நேரக்கூடும். மேலும், தொழில் தகராறுச் சட்டத்தின்படி உபாத்தியாயர் 'தொழிலாளி' அல்லர் என்று 1988-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கடைசல் பிடிப்பவருக்கிருந்த பாதுகாப்பு அவர் மகனுக்குக் கற்பிப்பவருக்குக் கிட்டவில்லை. நிரந்தர உபாத்தியாயர் நிலையே இதுவாயின், பெல்லோவின் கதி என்ன?

இம்முறையை அடியோடு வேண்டாமென்று நாம் கூறவில்லை. சிறந்த பட்டதாரிகள் ஊதியம் மிகுந்த பிற தொழில்களை நாடும் இக்காலத்தில், அவர்களைப் பிள்ளைகளிடம் அழைத்துவரும் வழி வரவேற்கத்தக்கதே. ஆனால் நிபந்தனைகள் தேவை. பெல்லோ, அநுபவமுள்ள உபாத்தியாயருக்குத் துணையாக இருக்கவேண்டுமேயன்றி அவருக்குப் பதிலாளாக அல்ல. சம்பளமும் கடமையும் எழுத்து மூலம் தெரிவிக்கப்படவேண்டும். பெல்லோஷிப்புடன் இணைந்தே பி.எட். பெறுவதற்குப் பல்கலைக்கழகங்கள் வழி செய்யவேண்டும். தேறியவருக்கு அப்பள்ளியிலேயே முறையான வேலை கிடைக்கவேண்டும்.

1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்ம பாணியிலான சமுதாயமே தேசத்தின் லட்சியமென்று தீர்மானித்தது. அந்த ஆவடியின் தொழிலாளி மகனுக்கும் செல்வர் மகனுக்கும் ஒரே தகுதியுள்ள உபாத்தியாயர் கிடைக்கும் நாளிலேதான் அத்தீர்மானம் பொருளுடையதாகும். கல்வி அதிகாரிகளும் பள்ளி நிர்வாகிகளும் இதை மனத்திற்கொண்டு ஆவன செய்வார்களாக.