பழைய மாட்டுக் கொட்டகையை இடிக்கலாமா?

உழவு மாடுகள் போய் டிராக்டர் வந்தபின், தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் ஓட்டுக் கொட்டகைகள் பல வெறுமனே கிடக்கின்றன. ஓடு சரிந்தால் இடித்துவிட்டுத் தகரம் போடத்தான் பலருக்கும் தோன்றுகிறது. இது அவசர முடிவு. வைக்க இடமில்லாமல் களத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்கு நெல்லைத் தள்ளிவிடும் சிறு விவசாயி, கொல்லையில் இருக்கும் கிடங்கை ஏன் இடிக்க வேண்டும்? இரண்டு ஏக்கர் விளைச்சல் 5 டன் என்று கொண்டாலும், மூட்டையாக அடுக்கப் பத்தடிக்குப் பத்தடி இடம் போதும்.

தகரக் கூரை பகலில் கொதிக்கும். குளிர்ந்த இரவில் அடிப்பக்கம் நீர் கோத்துச் சொட்டும். ஓட்டுக் கூரையில் இந்தத் தொல்லை குறைவு. ஓடு மாற்றும்போது வாரைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். வைரம் பாய்ந்த பனை வாரையை விறகு விலைக்குக் கொடுப்பது பெரிய நஷ்டம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. புது வாரைக்கு எங்கே போவது?

சுவரில்தான் தவறு அதிகம் நடக்கிறது. மண் சுவர், சுண்ணாம்புக் காரைச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால், உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். சில மழைக்காலங்களில் பூச்சு பெயர்ந்து, சுவரையும் அரித்துக்கொண்டு விழும். சுண்ணாம்பே பூச வேண்டும். பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது; சிமெண்ட் வருவதற்கு முந்தியது அது.

மாட்டு மூத்திரம் ஊறிய தரை உவர் ஏறி எப்போதும் ஈரம் இழுக்கும். ஓரடி வெட்டியெடுத்து, மணலும் செங்கல் ஜல்லியும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். வெட்டிய மண் வீணல்ல, வயலுக்கு எருவாகும். மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மரச் சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும். எலிக்குக் கதவின் அடியில் தகரம் அடிக்கலாம். யூரியாவும் பூச்சி மருந்தும் அந்த அறைக்குள் வரவே கூடாது.

கொட்டகை எவ்வளவு நேர்த்தியானாலும் காயாத நெல்லைக் காப்பாற்றாது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரத்தில் எடுபடும் நெல், வீட்டில் அடுக்கினால் பூசணம் பிடிக்கும். சேமிக்க 14 சதவிகிதத்திற்கு மேல் கூடாது, விதைநெல்லுக்கு 13.

எல்லாக் கொட்டகையும் தேறாது. உத்தரத்தைக் கரையான் அரித்து, சுவரும் தொந்தி தள்ளியிருந்தால் இடிக்க வேண்டியதுதான். அப்போதும் ஓட்டையும் நல்ல வாரைகளையும் பிரித்து வைத்துக்கொண்டு பிறகு கடப்பாரையை எடுக்கலாம்.