விரலுக்கு ஒரு வேலை

பாடசாலைப் பிள்ளைகளின் புத்தகப் பையிலே, திறப்புக் கோர்வையோடு சேர்ந்து ஒரு சிறு பொருள் தொங்குவதை அண்மைக் காலத்தில் வாசகர் சிலரேனும் கண்டிருப்பர். கணனியின் விசைப்பலகையிலிருந்து மூன்று நான்கு விசைகளை மட்டும் வெட்டியெடுத்தாற் போன்ற தோற்றம் உடையது. மின்கம்பி கிடையாது, எந்தக் கணனியோடும் அதற்குச் சம்பந்தமில்லை. அமுக்கினால் 'டிக்' என்னும். விட்டால் மறுபடியும் 'டிக்' என்னும். அவ்வளவே அதன் தொழில். "இதற்கும் காசு கொடுப்பதா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். "வகுப்பிலே இதை அனுமதிப்பதா?" என்பது ஆசிரியர்களின் கேள்வி. முதற் கேள்வியை அவரவர் சட்டைப்பையிடம் விட்டுவிடலாம். இரண்டாவது, நின்று யோசிக்கத் தக்கது.

அந்த 'டிக்' ஓசைக்கு ஒரு வமிசம் உண்டு. புதுக்கடை நீதிமன்றங்களின் அயலிலே தட்டெழுத்தாளர்கள் சத்தியக் கடதாசிகளை அடித்துக் கொடுப்பதைக் கண்டவர்கள் அதனை எளிதில் உணர்வர். கண் மூலப் பிரதியிலே இருக்கும். விரல் பொறியிலே இருக்கும். எழுத்துத் தாளில் விழுந்துவிட்டது என்னும் செய்தியைக் காதும் விரல்நுனியுமே கொண்டு வரும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் 1886 இல் பிறந்து, மலாயாவுக்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை வகுத்தபோது, 247 எழுத்துக்களை ஒரு சிறு பலகைக்குள் அடக்க வேண்டியிருந்தது. புள்ளி, விசிறி முதலிய குறிகளை அடிக்கையில் தாள் நகராது நிற்கும்படி அவர் செய்த உபாயம் 'நகரா விசை' எனப்படும். எந்த விசைக்குத் தாள் நகரும், எதற்கு நகராது என்பதைப் பழகிய விரல் கண்ணைக் கேளாமலே அறிந்தது.

கணனி வந்தது, தாளிலே மோதும் இரும்புக் கரம் போயிற்று. மலிவான பலகைகளில் விசைகளின் அடியிலே ஓர் இறப்பர் விரிப்பை இட்டனர். அமுக்கினால் சோற்றுருண்டையை அமுக்கியது போல இருக்கும். இதனை விரும்பாதோர்க்கென, ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே சுருள்வில்லும் உலோகத் தொடுகையும் கொண்ட பலகைகள் உள்ளன. இவ்வகையிற் பெயர் பெற்றது 'செரி' நிறுவனம். 1953 இல் அமெரிக்காவிலே தொடங்கிப் பின்னர் ஜேர்மனியில் வேரூன்றிய இந்நிறுவனம், 1980 களின் முற்பகுதியில் 'எம். எக்ஸ்.' என்னும் விசையமைப்பை ஆக்கியது. அதன் காப்புரிமைக் காலம் கழிந்ததும் சீனத் தொழிற்சாலைகள் பல அதே வடிவிலே செய்யத் தலைப்பட்டன.

அதன் உள்ளமைப்பு ஒரு நல்ல பூட்டைப் போன்று இரசிக்கத் தக்கது. நடுவிலே ஒரு பிளாஸ்ரிக் தண்டு. அதன் கீழ் ஒரு சுருள்வில். தண்டு இறங்கும் தூரம் மொத்தம் 4 மில்லிமீற்றர். ஏறத்தாழ அதன் பாதித் தூரத்திலேயே உலோகத் தகடுகள் தொட்டு மின்னோட்டம் பாயும். நிறத்தைக் கொண்டே குணத்தை அறியலாம். சிவப்புத் தண்டு சத்தமின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். 45 கிராம் அளவு பாரம் போதும். கபிலநிறத் தண்டு நடுவழியிலே ஒரு சிறு மேட்டைக் கடந்து செல்லும். நீலத் தண்டுக்கோ சுற்றிலும் ஒரு தனிச் சட்டை உண்டு. தண்டு இறங்க இறங்கத் தங்கி நின்று, எல்லை கடந்ததும் அச்சட்டை திடீரெனக் கீழே பாய்ந்து மோதும். அந்த மோதலே 'டிக்'. இத்தகைய விசை ஐந்து கோடித் தடவை அமுக்கத் தாங்கும் என்கின்றனர் செய்தோர். நொடிக்கு ஒன்றாக இரவுபகல் ஓயாது அமுக்கினும் ஒன்றரை ஆண்டுக்கு மேற் செல்லும். எந்தப் பிள்ளையும் அதை வெல்லப் போவதில்லை!

நிற்க. பலகை வாங்குவோர் தமக்குப் பிடித்த விசையைத் தெரிந்துகொள்ளும் பொருட்டு, சில விசைகளை மாத்திரம் பதித்த மாதிரித் தட்டுக்கள் விற்கப்பட்டன. தெரிவு முடிந்த பின்னரும் அத்தட்டை மேசையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருப்போர் உண்டு. இன்றைய விளையாட்டுச் சாமானுக்கு அதுவே தாய் என்று கொள்ளலாம். 2016 இல் அமெரிக்காவிலே பொத்தான்களும் சக்கரங்களும் பதித்த ஒரு சிறு கனசதுரத்தைச் செய்வதற்கு 15,000 டொலர் திரட்ட எண்ணியவர்களுக்கு 60 இலட்சம் டொலருக்கு மேற் குவிந்தது. அடுத்த ஆண்டு விரற் சுழலி உலகெங்கும் பரவி, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பாடசாலைகள் பல அதனைத் தடை செய்யும் நிலை உண்டாயிற்று.

இவை கவனத்தை வளர்க்கும் என்று விற்பவர் சொல்வர். கெடுக்கும் என்று கண்டிப்பவர் சொல்வர். ஆராய்ச்சிகளோ இரு சாராரையும் முழுமையாகத் திருப்திப்படுத்தவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி அன்ட்ரேட் என்பவர் 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்பித்தார். கேட்டுக்கொண்டே தாளிலுள்ள வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்கள், சும்மா இருந்தவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவு கூர்ந்தனர். 2015 இல் கலிபோர்னியாவிலே, கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் கணுக்காலில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி ஆராய்ந்தனர். சரியாக விடை கூறிய வேளைகளில் அவர்களது அசைவு வேகமாக இருந்தது. ஆனால், 2019 இல் அதே கலிபோர்னியாவின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் விரற் சுழலியைச் சுற்றியபடி விரிவுரை பார்த்தவர்கள் குறைவாகவே நினைவு வைத்திருந்தனர்.

இவற்றுள் ஒன்றேனும் விசைப் பொம்மையைச் சோதித்ததன்று. ஆயினும் எமக்குத் தோன்றுவது இது: சுழலி சுழலுகையிற் கண்ணை இழுக்கிறது, விசையோ கண்ணைக் கேட்பதில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலே செபமாலை உருட்டும் விரலும், பள்ளிவாசலிலே தஸ்பீஹ் மணி தள்ளும் விரலும், ஜிந்துப்பிட்டி முருகன் சந்நிதியில் உருத்திராக்கம் எண்ணும் விரலும் மணியைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவை வழிபாடு, இது பொழுதுபோக்கு, இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. விரலுக்கு வேலை கொடுத்தால் மனம் ஓரிடத்தில் நிற்கக்கூடும் என்பதை எமது வீடுகள் அறியாதவை அல்ல என்பதே எமது பேச்சு. பாக்குவெட்டியைச் சும்மா 'கிளிக்' என்று தட்டிக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் தவறவிடாது கேட்ட பாட்டிமாரைக் கவனமற்றவர் என்று யார் கூறுவார்?

ஆகவே, கால் ஆட்டும் பிள்ளையை, பேனாவைத் தட்டும் பிள்ளையைக் கண்டவுடன் 'படிப்பில் நாட்டமில்லை' என்று தீர்ப்பெழுதும் ஆசிரியர் சற்றே பொறுக்கலாம். மேசையின் கீழ் என்ன நடக்கிறது என்பதை விடுத்து, பாடத்திலே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அதே வேளை, பக்கத்துப் பிள்ளையின் காதுக்கும் உரிமை உண்டு. வகுப்புக்குச் சிவப்பு விசையே தகும். நீலத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சத்தம் போடாதே என்று அதட்டுவதில் நியாயமில்லை.

வாங்குமுன் பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் பார்த்தல் வேண்டும். அமுக்கும்போது ஒளிரும் வகைகளிலே பொத்தான் வடிவப் பற்றரி இருக்கலாம். சிறு குழந்தை அதனை விழுங்கித் தொண்டையில் தங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வீட்டில் கைக்குழந்தை உண்டெனில் ஒளிராத வகையே போதும். அதிலும் கழன்று வரும் விசை மூடிகள் குழந்தையின் கைக்கு எட்டலாகாது.

பழைய விசைப்பலகையை உடைத்துத் தாமே செய்ய விரும்பும் மாணவர், ஒரு விசை மூடியை மெல்ல நெம்பிப் பார்க்கட்டும். அடியிலே சிலுவை வடிவத் தண்டு தெரிந்தால் அது பெரும்பாலும் இவ்வகையே. இறப்பர் குமிழ் தெரிந்தால் மூடியைத் திரும்பப் பொருத்திவிடுவது நல்லது, உடைத்தும் பயனில்லை.